மார்க்கெட்டிங் இளநிலைப் படிப்பு: செலவையும் வேலையையும் சேர்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பதிவு பெறாதவர் மருத்துவம் பார்க்க முடியாது. பெரும்பாலான நாடுகளில் சட்டப் பட்டம் இல்லாமல் வழக்கறிஞராக முடியாது. மார்க்கெட்டிங்கில் இப்படி எந்த உரிமமும் கிடையாது. பொருளாதாரம் படித்தவர், உளவியல் படித்தவர், இலக்கியம் படித்தவர், பொறியியல் முடித்துவிட்டு வந்தவர் என எல்லோரும் இந்தத் துறையில் இருக்கிறார்கள். மார்க்கெட்டிங் பட்டம் வாங்கியவர் இவர்கள் எல்லோரோடும்தான் போட்டி போட வேண்டும். அதனால் கட்டணம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: பட்டம் கட்டாயமில்லாத துறையில், இந்தப் பணம் எனக்கு எதை வாங்கித் தரப்போகிறது?

என் பார்வையில் ஒரு நல்ல படிப்பு மூன்று விஷயங்களைத் தர வேண்டும். எண்களைப் படித்து முடிவெடுக்கும் பயிற்சி. வேலை கொடுப்பவர்களோடு நேரடித் தொடர்பு. 'இதை நான் செய்தேன்' என்று எடுத்துக் காட்டக்கூடிய வேலைகள். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் கட்டிடம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கட்டணத்துக்கு நியாயம் இல்லை.

கடனைப் பற்றியும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மார்க்கெட்டிங்கில் முதல் இரண்டு மூன்று வருடச் சம்பளம் பொதுவாகச் சுமார்தான். அந்த வருடங்களில் யாரிடம், என்ன வேலை கற்றுக்கொள்கிறோம் என்பதுதான் பிற்காலச் சம்பளத்தைத் தீர்மானிக்கிறது. தலைக்கு மேல் கடன் இருப்பவரால் கற்றுக்கொடுக்கும் வேலையைத் தேர்ந்தெடுக்க முடியாது. இன்று யார் ஆயிரம் அதிகமாகத் தருகிறார்களோ அங்கேதான் போவார். ஆகவே கடனைக் குறைவாக வைத்துக்கொள்வதும் வேலை வாய்ப்பைப் பற்றிய முடிவுதான். அதை வெறும் சிக்கனமாகப் பார்க்காதீர்கள்.

1. எந்த மார்க்கெட்டிங் வேலை என்று முதலில் பாருங்கள்

'மார்க்கெட்டிங்' என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வேலைகள் இருக்கின்றன. கல்லூரி தேடுவதற்கு முன் இவற்றைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு வேலைக்கும் வேண்டிய படிப்பு வேறு.

விற்பனை. மார்க்கெட்டிங் பட்டதாரிகளில் ஏராளமானோருக்கு முதல் வேலை இதுதான். கல்லூரிக் கையேடுகள் இதைக் கொஞ்சம் மறைத்தே பேசும். வாடிக்கையாளரை நேரில் பார்ப்பது, மறுப்பைக் கேட்பது, மாத இலக்கைத் துரத்துவது எனச் சிரமமான வேலைதான். ஆனால் மார்க்கெட்டிங்கில் பிறகு மேலே போகிறவர்களுக்கு இதைவிட நல்ல அடித்தளம் குறைவு. இந்த வேலைக்குள் நுழைய விலை உயர்ந்த பட்டம் தேவையே இல்லை.

பிராண்ட் மேனேஜ்மென்ட். ஒரு பொருளின் விலை, பேக்கிங், விளம்பரம், லாபம் எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் பொறுப்பு. 1931இல் புராக்டர் அண்ட் கேம்பிள் என்ற நுகர்பொருள் நிறுவனத்தில் நீல் மெக்எல்ராய் எழுதிய மூன்று பக்கக் குறிப்பிலிருந்துதான் இந்தப் பதவிக்கு இன்றைய வடிவம் வந்தது. மாணவர்கள் அதிகம் கனவு காண்பதும் இதைத்தான். பல பெரிய நுகர்பொருள் நிறுவனங்கள் இந்தப் பதவிக்கு எம்பிஏ முடித்தவர்களையோ, சில குறிப்பிட்ட கல்லூரிகளின் மாணவர்களையோ மட்டுமே எடுக்கின்றன. இதுதான் இலக்கு என்றால், அந்த நிறுவனங்கள் எந்தெந்தக் கல்லூரிகளுக்கு வருகின்றன என்ற பட்டியலை முதலில் தேடுங்கள்.

டிஜிட்டல் விளம்பரம், தேடுபொறி, மின்னஞ்சல் மார்க்கெட்டிங். இங்கே பட்டத்தின் பெயரை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. எத்தனை கேம்பெயின் (விளம்பரப் பிரசாரம்) நடத்தினீர்கள், செலவு எவ்வளவு, பலன் என்ன என்று கேட்பார்கள்.

சந்தை ஆராய்ச்சியும் மார்க்கெட்டிங் அனலிட்டிக்ஸும். புள்ளியியல் நன்றாகத் தெரிந்தாக வேண்டும். சொல்லப்போனால் இதற்கு மார்க்கெட்டிங் பட்டத்தைவிடப் புள்ளியியல் அல்லது பொருளாதாரப் பட்டத்தோடு இரண்டு மூன்று மார்க்கெட்டிங் பாடங்கள் சேர்ந்தால் வலு அதிகம்.

விளம்பர ஏஜென்சி, கன்டென்ட், பொதுத் தொடர்பு. எழுத்தும் காட்சியும் பேசும் துறை. போர்ட்ஃபோலியோ (செய்த வேலைகளின் தொகுப்பு) இல்லாமல் நேர்காணலுக்கே கூப்பிட மாட்டார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இங்கேதான் அடிமட்ட வேலை அதிகம் மாறியிருக்கிறது. ஒரே விளம்பர வரியை இருபது விதமாக எழுதித் தருவது போன்ற வேலையைக் கருவியே செய்துவிடுகிறது. அந்த இருபதில் எது சரி, ஏன் சரி என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இனி மதிப்பு.

இவற்றில் எது பிடிக்கும் என்று இப்போதே உறுதியாகத் தெரியாவிட்டால் பரவாயில்லை. பதினேழு பதினெட்டு வயதில் தெரியாமல் இருப்பது இயல்புதான். அப்படியானால் குறுகலான படிப்பை விட்டுவிட்டு, திசை மாற இடம் கொடுக்கும் படிப்பை எடுங்கள்.

2. பட்டத்தின் வடிவம்

மார்க்கெட்டிங்கைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட பிபிஏ, வணிகவியல் பட்டத்தில் மார்க்கெட்டிங், தனி மார்க்கெட்டிங் பட்டம், 'டிஜிட்டல் மார்க்கெட்டிங்' என்றே பெயர் வைத்த பட்டம், விளம்பரம் மற்றும் தகவல்தொடர்புப் பட்டம் என்று பல வடிவங்கள் உண்டு. என் பரிந்துரை: பொதுவான வணிக நிர்வாகம் அல்லது வணிகவியல் பட்டத்துக்குள் மார்க்கெட்டிங்கை முதன்மைப் பாடமாக எடுப்பது. கணக்கியல், நிதி, பொருளாதாரம் எல்லாம் கூடவே வரும். நாளைக்கு மார்க்கெட்டிங் பிடிக்காமல் போனாலும் வேறு வழி திறந்திருக்கும்.

'டிஜிட்டல் மார்க்கெட்டிங்' என்ற குறுகிய பட்டத்தைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. ஒரு தளத்தின் பட்டன்களைக் கற்றுக்கொள்வதற்கு மூன்று நான்கு வருடம் தேவையில்லை. கூகுளின் ஸ்கில்ஷாப் என்ற பயிற்சித் தளத்தில் விளம்பரச் சான்றிதழ் தேர்வை இலவசமாகவே எழுதலாம். மார்க்கெட்டிங் மென்பொருள் நிறுவனமான ஹப்ஸ்பாட்டின் அகாடமியிலும் அப்படித்தான். ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் புளூபிரின்ட்டில் பாடங்கள் இலவசம், சான்றிதழ் தேர்வுக்குத்தான் கட்டணம். வெளியே இலவசமாகக் கிடைப்பதற்குக் கல்லூரி பெரிய தொகை கேட்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

காலமும் பணம்தான். இங்கிலாந்திலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் இளநிலைப் பட்டம் வழக்கமாக மூன்று வருடம். அமெரிக்காவில் நான்கு வருடம், சுமார் 120 கிரெடிட். ஒரு வருடம் கூடினால் ஒரு வருடக் கட்டணமும் கூடும், ஒரு வருடச் சம்பளமும் போகும். வெளிநாட்டுப் படிப்பையும் உள்நாட்டுப் படிப்பையும் ஒப்பிடும்போது இந்த வித்தியாசத்தைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

3. சிலபஸைப் பிரித்துப் படியுங்கள்

பெரும்பாலான மாணவர்கள் கவனிக்காமல் விடும் படி இது. கல்லூரியின் முகப்புப் பக்கத்தில் எல்லாமே 'உலகத் தரம்'தான். உண்மை பாடத்திட்டத்தில் இருக்கும். ஒவ்வொரு செமஸ்டரிலும் என்ன பாடம், எத்தனை கிரெடிட், மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள் என்ற முழு ஆவணத்தைக் கேட்டு வாங்குங்கள். இணையதளத்தில் இல்லாவிட்டால் துறை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். அதைக்கூடத் தர மறுத்தால், அந்தக் கல்லூரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன்.

முதலில் எண்ணிக்கைப் பாடங்களைத் தேடுங்கள். புள்ளியியல் ஒரே ஒரு பாடமாக முதல் வருடத்தில் வந்து அதோடு முடிந்துவிடுகிறதா? அல்லது சந்தை ஆராய்ச்சி, ரிக்ரெஷன் (ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறும் என்று கணிப்பது), ஏ/பி சோதனை (இரண்டு வடிவங்களில் எது நன்றாக வேலை செய்கிறது என்று ஒப்பிடுவது) என்று பிந்தைய வருடங்களிலும் தொடர்கிறதா? தொடர்ந்தால் நல்ல அறிகுறி. எக்செல் தவிர தரவைக் கையாளும் கணினி மொழிகளான ஆர், பைத்தான், எஸ்கியூஎல் இவற்றில் ஏதாவது ஒன்றையாவது கையால் செய்ய வைக்கிறார்களா என்றும் பாருங்கள்.

அடுத்து விலை நிர்ணயமும் விநியோகமும். 1960இல் ஜெரோம் மெக்கார்த்தி சொன்ன நான்கு 'பி'க்களை (பொருள், விலை, இடம், விளம்பரம்) எல்லாக் கல்லூரிகளும் முதல் மாதத்திலேயே நடத்திவிடும். அதன் பிறகு பல இடங்களில் மூன்று வருடமும் விளம்பரம் ஒன்றைத்தான் சுற்றிச் சுற்றி வருவார்கள். விலை நிர்ணயத்துக்குத் தனிப் பாடம் வைத்திருக்கும் துறை, மார்க்கெட்டிங்கை லாப நஷ்டத்தோடு சேர்த்துப் பார்க்கும் துறை என்று தைரியமாக நம்பலாம்.

நான் என்ன சொல்ல வருகிறேன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு நிறுவனம் விளம்பரத்துக்கு 20,000 செலவு செய்கிறது. 1,000 கிளிக் வருகிறது. அதில் 2 சதவீதம் பேர், அதாவது 20 பேர், வாங்குகிறார்கள். ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க ஆன செலவு 1,000. ஒரு விற்பனையில் விளம்பரம் தவிர மற்ற எல்லாச் செலவும் போக மிஞ்சுவது 400. இந்த விளம்பரத்தைத் தொடரலாமா, நிறுத்தலாமா? 'நஷ்டம், நிறுத்து' என்பவர் பாதிதான் யோசித்திருக்கிறார். அந்த 20 பேர் திரும்பத் திரும்ப வாங்குவார்களா என்று கேட்க வேண்டும். மூன்று முறை வாங்கினால் 1,200 வருகிறது. போட்ட 1,000 திரும்பிவிடும். அந்த மூன்றாவது முறை எத்தனை மாதம் கழித்து வரும், அதுவரை கையில் பணம் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. இந்த மாதிரிக் கேள்விகளை மாணவரிடம் கேட்கும் பாடத்திட்டம்தான் வேலைக்கு உதவும். பழைய வினாத்தாள்களை வாங்கிப் பாருங்கள். 'வரையறு', 'விளக்குக', 'வேறுபடுத்துக' மட்டுமே இருந்தால், மனப்பாடத்துக்குத்தான் பணம் கட்டுகிறீர்கள்.

பாடத்திட்டம் எவ்வளவு பழையது என்று கண்டுபிடிக்கவும் வழி உண்டு. இணையதளத்துக்கு வருபவர்களை அளக்கும் கூகுளின் யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் புதிய தரவுகளைச் சேகரிப்பதை நிறுத்திவிட்டது. அதன் இடத்தில் இப்போது ஜிஏ4 இருக்கிறது. சிலபஸில் இன்னும் பழைய பெயரே இருந்தால் யாரும் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை என்று அர்த்தம். இன்னொரு அடையாளம் தனியுரிமை. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே மாதம் அமலுக்கு வந்தது. ஆப்பிள் 2021இல் ஐபோன் செயலிகள் பயனரைப் பின்தொடர அனுமதி கேட்டாக வேண்டும் என்று கொண்டுவந்தது. இந்த இரண்டும் விளம்பரப் பலனை அளக்கும் முறையையே மாற்றிவிட்டன. ஒரு மார்க்கெட்டிங் படிப்பில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை என்றால் யோசிக்க வேண்டியதுதான்.

4. மொத்தச் செலவை நீங்களே எழுதிப் போடுங்கள்

கையேட்டில் இருக்கும் வருடக் கட்டணம் தொடக்கம் மட்டுமே. ஒரு தாளை எடுத்து, படிப்பு முடியும் வரை வருடவாரியாக எழுதுங்கள்: கல்விக் கட்டணம், தேர்வுக் கட்டணம், ஹாஸ்டல் அல்லது வாடகை, சாப்பாடு, பயணம், லேப்டாப், மென்பொருள், 'கட்டாய வெளிநாட்டுச் சுற்றுலா' மாதிரியான தனிச் செலவுகள். ஒவ்வொரு வருடமும் கட்டணம் ஏறுமா, எத்தனை சதவீதம் வரை ஏறலாம் என்று எழுத்தில் கேளுங்கள். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்புக்காக வேறு நகரத்தில் இரண்டு மாதம் தங்க வேண்டியிருந்தால் அதையும் சேருங்கள்.

அப்புறம் உதவித்தொகையைக் கழியுங்கள். அறிவித்த கட்டணத்துக்கும் மாணவர் உண்மையில் கட்டும் தொகைக்கும் பெரிய இடைவெளி இருக்கலாம். அமெரிக்காவில் மத்திய அரசின் மாணவர் உதவி பெறும் கல்லூரிகள் நிகரச் செலவைக் கணக்கிடும் கருவியை இணையதளத்தில் வைக்க வேண்டும் என்பது 2011 முதல் விதி. மற்ற இடங்களில் நீங்களே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் வருடத்துக்கு மட்டும் உதவித்தொகை கொடுத்து உள்ளே இழுப்பதும் நடக்கிறது. எல்லா வருடங்களுக்கும் தொடருமா, தொடர எவ்வளவு மதிப்பெண் வேண்டும், போன வருடம் எத்தனை பேர் அதை இழந்தார்கள் என்று கேளுங்கள்.

இப்போது கடன். இந்த இடத்தில் நிதானமாக உட்காருங்கள்.

நான்கு வருடப் படிப்பு. ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் 25,000 வீதம் மொத்தம் 1 லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். எந்த நாணயமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். வட்டி 10 சதவீதம். படிக்கும் காலத்தில் தனி வட்டி மட்டும் போட்டாலே முதல் தவணைக்கு நான்கு வருட வட்டி, இரண்டாவதற்கு மூன்று, பிறகு இரண்டு, ஒன்று எனச் சேர்ந்து 25,000 ஆகிவிடும். படித்து முடிக்கும்போது கடன் 1,25,000. இதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதத் தவணை சுமார் 1,652. மொத்தம் கட்டி முடிப்பது ஏறக்குறைய 1,98,000. வாங்கியது 1 லட்சம், திருப்பிக் கொடுப்பது கிட்டத்தட்ட 2 லட்சம். படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால் தவணை 1,322ஆகக் குறையும். குடும்பத்தால் முடிந்தால் இதைக் கண்டிப்பாகச் செய்யுங்கள்.

எவ்வளவு கடன் தாங்கும்? படிப்பு முடியும்போது நிற்கும் மொத்தக் கடன், எதிர்பார்க்கும் முதல் வருடச் சம்பளத்தைத் தாண்டக்கூடாது என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவுகோல். அதே 10 சதவீத வட்டி, பத்து வருடக் கணக்கில் பார்த்தால், கடனும் வருடச் சம்பளமும் சமமாக இருக்கும்போது மாதச் சம்பளத்தில் சுமார் 16 சதவீதம் தவணைக்குப் போகும். கடன் இரண்டு மடங்கானால் 32 சதவீதம். வாடகையும் சாப்பாடும் போக அந்த 32 சதவீதம் எங்கிருந்து வரும்? மார்க்கெட்டிங்கில் தொடக்கச் சம்பளம் சாதாரணமாக இருப்பதால், நான் இன்னும் இறுக்கமாகவே சொல்வேன்: கடன் முதல் வருடச் சம்பளத்தில் முக்கால் பங்குக்குள் இருக்கட்டும். இங்கே 'சம்பளம்' என்றால் அந்தக் கல்லூரியில் நடுவில் நிற்கும் மாணவர் வாங்கும் சம்பளம். போஸ்டரில் சிரிக்கும் மாணவரின் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

5. பிளேஸ்மென்ட் எண்களைப் படிக்கும் முறை

பத்து பேர் கொண்ட ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். வருடச் சம்பளம் லட்சத்தில்: 3, 3, 3.2, 3.5, 3.5, 4, 4, 4.2, 5, 30. கல்லூரி 'அதிகபட்சம் 30, சராசரி 6.34' என்று விளம்பரம் செய்யும். இரண்டும் பொய்யில்லை. ஆனால் பத்தில் ஒன்பது பேர் அந்தச் சராசரியைத் தொடவே இல்லை. நடுவில் இருப்பவரின் சம்பளம், அதாவது இடைநிலை, 3.75. நீங்கள் கேட்க வேண்டிய எண் இதுதான். அதிகபட்சச் சம்பளத்தை முதல் வரியில் போடும் கல்லூரியிடம் இடைநிலையைக் கேளுங்கள். தயங்கினால் காரணம் புரிந்துவிடும்.

அதோடு முடிவதில்லை. '95 சதவீதம் வேலை' என்றால் யாரில் 95? பதிவு செய்தவர்களிலா, மொத்த வகுப்பிலா? 60 பேரில் 20 பேர் மட்டும் பதிவு செய்து 19 பேருக்கு வேலை கிடைத்தாலும் அது 95 சதவீதம்தான். மேற்படிப்புக்குப் போனவர்கள், குடும்பத் தொழிலுக்குப் போனவர்கள் எங்கே சேர்க்கப்பட்டார்கள் என்றும் பாருங்கள். பிறகு, எந்த வேலை? 'மார்க்கெட்டிங் எக்ஸிக்யூட்டிவ்' என்ற பெயரில் தொலைபேசி விற்பனையும் வரும், ஆராய்ச்சி வேலையும் வரும். நிறுவனத்தின் பெயரோடு பதவியின் பெயரும், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, இலக்கை எட்டினால் மட்டும் வரும் ஊக்கத்தொகை எவ்வளவு என்பதும் தெரிய வேண்டும். விற்பனை வேலைகளில் இந்தப் பிரிவு ரொம்ப முக்கியம்.

எப்போது எடுத்த கணக்கு என்பதும் எண்ணை மாற்றும். இங்கிலாந்தின் பட்டதாரிகள் கணக்கெடுப்பு படிப்பு முடிந்து சுமார் 15 மாதம் கழித்து நடக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகள் பல, ஆறு மாதத்துக்குள் உள்ள நிலையைச் சொல்கின்றன. இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

கல்லூரி சொல்வதை வெளியிலிருந்து சரிபார்க்கவும் இடங்கள் உண்டு. அமெரிக்காவின் காலேஜ் ஸ்கோர்கார்டு, படிப்புத் துறைவாரியாக வருமானத்தையும் கடனையும் காட்டும். இங்கிலாந்துக்கு டிஸ்கவர் யூனி, ஆஸ்திரேலியாவுக்கு கம்பேர்ஈடி. இந்தியாவில் என்ஐஆர்எஃப் என்ற அரசுத் தரவரிசைக்காகக் கல்லூரிகள் கொடுக்கும் ஆவணத்தில் பட்டதாரிகளின் இடைநிலைச் சம்பளமும் மேற்படிப்புக்குப் போனவர்களின் எண்ணிக்கையும் இருக்கும். தரவரிசை எண்ணைவிட இந்த ஆவணம்தான் பயன்படும். லிங்க்ட்இன்னில் அந்தக் கல்லூரியின் பெயரைப் போட்டு, நான்கைந்து வருடம் முன்பு மார்க்கெட்டிங் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு ஐம்பது பேரையாவது பாருங்கள். முதல் பக்கத்தில் வருபவர்களோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு மாலை நேரம் போகும், ஆனால் எந்தக் கையேட்டையும்விட அது உண்மை சொல்லும்.

6. அங்கீகாரமும் தரவரிசையும்

அரசு அல்லது பல்கலைக்கழக மானியக் குழு போன்ற அமைப்பின் அங்கீகாரம் இல்லையென்றால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம். மேற்படிப்பு, அரசுத் தேர்வு, வெளிநாட்டு விசா எல்லாவற்றிலும் இடிக்கும்.

அதற்கு மேல் வணிகப் பள்ளிகளுக்கென்று உள்ள சர்வதேச முத்திரைகளில் அமெரிக்காவின் ஏஏசிஎஸ்பி 1916இல் தொடங்கியது. ஈக்விஸ் ஐரோப்பாவிலிருந்து வருவது. இரண்டும் வணிகப் பள்ளி முழுவதையும் மதிப்பிடுகின்றன. மூன்றாவதான ஆம்பா முக்கியமாக எம்பிஏ போன்ற முதுநிலைப் படிப்புகளுக்கானது. ஆகவே இந்த மூன்றும் இருப்பதைக் குறிக்கும் 'மும்மகுடம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும், இளநிலை மாணவருக்கு அதில் ஒரு பங்கு சம்பந்தமே இல்லை. மார்க்கெட்டிங்குக்கென்றே இருப்பது இங்கிலாந்தின் சார்ட்டர்ட் இன்ஸ்டிடியூட் ஆஃப் மார்க்கெட்டிங், 1911இல் தொடங்கியது. அதோடு இணைந்த பட்டங்களைப் படித்தவர்களுக்கு அதன் தொழில்முறைத் தகுதித் தேர்வுகளில் சில பகுதிகளிலிருந்து விலக்கு கிடைக்கும். கட்டணம் ஒரே அளவில் இருந்தால் இது கூடுதல் பலம். இதற்காகவே அதிகப் பணம் கட்டத் தேவையில்லை.

தரவரிசையில் ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கு அதிக மதிப்பெண் போகும். இளநிலை மார்க்கெட்டிங் மாணவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

7. படிக்கும்போதே சம்பாதிக்கும் வழி இருக்கிறதா?

செலவும் வேலையும் ஒரே இடத்தில் சந்திப்பது இங்கேதான். 1906இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் தொடங்கிய 'கோ-ஆப்' முறையில், மாணவர்கள் சில காலம் வகுப்பிலும் சில காலம் சம்பளத்தோடு நிறுவனத்திலும் மாறி மாறி இருப்பார்கள். கனடாவின் வாட்டர்லூ, அமெரிக்காவின் நார்த் ஈஸ்டர்ன் பல்கலைக்கழகங்கள் இதற்குப் பெயர் பெற்றவை. ஜெர்மனியின் இரட்டைக் கல்வி முறையில், உதாரணமாக பாடன்-வூர்ட்டம்பர்க் இரட்டைப் பல்கலைக்கழகத்தில், நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டுதான் மாணவர் சேருவார். படிப்புக் காலம் முழுவதும் சம்பளம் வரும். இங்கிலாந்தில் மூன்றாவது வருடம் முழுவதையும் வேலையில் கழித்துவிட்டு நான்காவது வருடம் திரும்பி வரும் படிப்புகள் உண்டு.

இப்படிப் பெரிய ஏற்பாடு இல்லாத கல்லூரியிலும் சில கேள்விகள் போதும். இன்டர்ன்ஷிப் கட்டாயமா, அதற்கு கிரெடிட் உண்டா? இடத்தைக் கல்லூரி பிடித்துத் தருமா, நீங்களே தேட வேண்டுமா? சம்பளம் உண்டா? இன்டர்ன்ஷிப் முடித்தவர்களில் எத்தனை பேரை அதே நிறுவனம் வேலைக்கு எடுத்தது? இறுதி ஆண்டு புராஜெக்டை உண்மையான நிறுவனத்துக்காக, உண்மையான பட்ஜெட்டில் செய்கிறார்களா? சின்னத் தொகையாக இருந்தாலும் பரவாயில்லை. வேறொருவர் பணத்தைச் செலவு செய்து கணக்குக் கொடுத்த அனுபவத்தை நேர்காணலில் ஐந்து நிமிடம் பேசினாலே போதும், எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

8. அங்கே படிப்பவர்களிடம் பேசுங்கள்

கல்லூரி அனுப்பி வைக்கும் 'மாணவர் தூதர்' நல்லவராக இருக்கலாம், ஆனால் அவர் நல்லதைச் சொல்வதற்காகவே நிற்கிறார். நீங்களாகத் தேடி, இறுதி ஆண்டில் இருக்கும் சாதாரண மாணவர் இரண்டு மூன்று பேரிடம் பேசுங்கள். 'காலேஜ் எப்படி?' என்று கேட்டால் 'நல்லாத்தான் இருக்கு' என்பார்கள். குறிப்பாகக் கேளுங்கள்:

போன செமஸ்டரில் நீங்கள் செய்ததிலேயே பெரிய அசைன்மென்ட் எது? அதை எனக்குக் காட்ட முடியுமா?

உங்கள் வகுப்பில் இப்போது எத்தனை பேருக்கு வேலை உறுதியாகியிருக்கிறது, என்ன வேலை?

துறையில் வேலை பார்த்த அனுபவம் உள்ள ஆசிரியர்கள் யார்? அவர்கள் முழுநேரமா, மாதம் ஒரு முறை வருபவர்களா?

சேரும்போது தெரியாமல் இருந்து பிறகு கட்ட வேண்டி வந்த பணம் எது?

திரும்பத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதையே எடுப்பீர்களா?

கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைவிட, பதில் வரும் முன் இருக்கும் தயக்கத்தைக் கவனியுங்கள்.

9. இரண்டு படிப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

இப்போது பட்டியலில் இரண்டு மூன்று இடங்கள்தான் மிஞ்சியிருக்கும். ஒரு உதாரணம் போடுவோம். 'அ' கல்லூரிக்கு 9 லட்சம் கடன் வேண்டும். இடைநிலைத் தொடக்கச் சம்பளம் வருடத்துக்கு 5 லட்சம். 'ஆ' கல்லூரிக்கு 1 லட்சம் கடன் போதும். இடைநிலைச் சம்பளம் 4 லட்சம். மேலே போட்ட அதே வட்டிக் கணக்குதான், படிக்கும் காலத்து வட்டியும் சேர்த்து.

'அ'வில் படித்தவருக்கு மாதம் சுமார் 41,700 வருகிறது. தவணை 14,900 போக 26,800 மிஞ்சுகிறது. 'ஆ'வில் படித்தவருக்கு மாதம் 33,300; தவணை 1,650 போக 31,650. குறைந்த சம்பளக்காரர் கையில் மாதம் ஏறக்குறைய 4,900 அதிகம் நிற்கிறது. வரியைச் சேர்க்கவில்லை. 'அ' ஈடுகட்ட வேண்டுமானால், பத்து வருடமும் 'ஆ'வைவிட வருடத்துக்குச் சராசரியாக 1.6 லட்சம் அதிகச் சம்பளம் வாங்கித் தர வேண்டும்.

அப்படியானால் எப்போதும் மலிவான கல்லூரிதானா? இல்லை. உங்கள் இலக்கு பிராண்ட் மேனேஜ்மென்ட், அந்த நிறுவனங்கள் 'அ'வுக்கு மட்டுமே வருகின்றன, வருடத்துக்கு ஐந்தாறு பேரையாவது எடுக்கின்றன என்றால் 'அ'வுக்கு நியாயம் உண்டு. உங்கள் மதிப்பெண்கள் வகுப்பின் மேல் கால்பகுதிக்குள் வரும் அளவுக்கு இருக்கின்றனவா என்று மட்டும் நேர்மையாகப் பாருங்கள். அந்த வேலைகள் மேல் கால்பகுதியில் இருப்பவர்களுக்குத்தான் போகும். டிஜிட்டல், விற்பனை, ஏஜென்சி என்றால் 'ஆ'வே போதும். மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியைச் சொந்தமாகச் சின்ன விளம்பரங்கள் நடத்திப் பார்க்கவும், சம்பளம் குறைந்த ஆனால் நல்ல இன்டர்ன்ஷிப்புக்காக ஊர் மாறவும் வைத்துக்கொள்ளலாம்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. எம்பிஏவும் படிக்க வைக்கப்போகிறீர்கள் என்றால், இளநிலையில் பெரிய பணத்தைப் போட்டுவிடாதீர்கள். வளாகத்துக்கு வரும் நிறுவனங்களின் தரம் அதிகம் உயர்வது முதுநிலையில்தான். அந்தக் கடனுக்கு இப்போதே இடம் விட்டு வையுங்கள்.

10. பணம் கட்டுவதற்கு முன்

சேர்க்கைக் கடிதம் கையில் வந்ததும் 'இன்றே கட்டினால் சலுகை' என்று அழைப்புகள் வரும். அவசரப்படாதீர்கள். விலகினால் எவ்வளவு பணம், எந்தத் தேதி வரை திரும்பக் கிடைக்கும் என்ற விதியை எழுத்தில் வாங்கிப் படியுங்கள். உதவித்தொகையின் நிபந்தனைகள் கடிதத்திலேயே இருக்கிறதா பாருங்கள். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது. மார்க்கெட்டிங் சிறப்புப் பாடம் எல்லோருக்கும் கிடைக்குமா, அல்லது இரண்டாம் ஆண்டில் மதிப்பெண் பார்த்துத்தான் கொடுப்பார்களா, குறைந்தது இத்தனை பேர் சேர்ந்தால்தான் நடத்துவார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். வெளிநாடு என்றால், படிப்பு முடிந்ததும் அங்கே எத்தனை மாதம் வேலை தேட அனுமதி என்பதை அந்நாட்டு அரசின் இணையதளத்திலேயே பாருங்கள். அமெரிக்காவில் பொதுவாக 12 மாதம்; அறிவியல், தொழில்நுட்பப் பிரிவில் வகைப்படுத்தப்பட்ட படிப்புகளுக்கு மட்டும் மேலும் 24 மாதம். அதனால் அங்கே ஒரு மார்க்கெட்டிங் படிப்பு எந்தப் பிரிவுக் குறியீட்டில் பதிவாகியிருக்கிறது என்று பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதில் எழுத்தில் வந்த பிறகு முன்பணம் கட்டுங்கள்.